காய்த்த கை வலிக்காது என்று சொன்னவர்களுக்கு

அண்ணனூர் ஆடித் திருவிழாவை அல்லும் பகலும் அலைந்து அமைத்திருக்கும் விழாக்குழுத் தலைவர் அண்ணன் தங்கராஜ் அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்து இந்த அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோர்களே, விடியலில் விறகு மூட்டி அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சி, அந்தக் கைவலி ஆறுமுன்னே முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்மார்களே, பாடியிலும் அம்பத்தூரிலும் பகல் ஷிப்டை முடித்து, கழுவிய முகத்தின் ஈரம் காயுமுன் ஓடி வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, எதிரே அடுக்குமாடியின் பால்கனிகளில் நின்றுகொண்டு, இறங்கி வரலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத கணினித்துறை நண்பர்களே, வெளிச்சம் எட்டாத இடத்தில் விசிலோடு காத்திருக்கும் வீரத் தம்பிமார்களே, உங்கள் அத்தனை பேருக்கும் அடியேன் சந்தோஷின் அன்பு வணக்கம்.

வரவேற்புரைக்கு ஐந்தே நிமிடம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம் கொடுத்தால் அரைமணி எடுத்துக்கொள்பவன் நான் என்பதை ஊரறியும், உலகறியும், தலைவரும் அறிவார். ஆனால் இன்று நான் நேரத்தைக் கடத்துவது ஆசையால் அல்ல, அச்சத்தால். இந்தத் திரைக்குப் பின்னால் மடியில் டோலக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நம் பகுதியின் மகளிர் டோலக் குழுவை நடத்துகிறவள். நீங்கள் ரோஷினியக்கா என்பீர்கள். நான் என் மனைவி என்பேன். நான் இறங்கினால் அவள் ஏறுவாள். அவள் ஏறிவிடுவாளே என்ற பயத்தில்தான் நான் இன்னும் இறங்காமல் நிற்கிறேன்.

என்ன சொல்கிறார் அங்கே தேவா? "மாமே, ஊட்டாண்ட பேச வேண்டியத இங்க வந்து பேசிகினு கீறியே, புரோகிராம வுடு" என்கிறார். தம்பி தேவா, வீட்டில் எனக்குப் பேசக் கிடைத்தால் நான் ஏன் மேடை தேடி அலைகிறேன்? இருந்தாலும் உன் கேள்வி நியாயமானது. மனைவியின் உடம்பைப் பற்றி மைக்கில் பேசலாமா? அவளிடமே கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லு, பரவால்ல. ஆனா கவித பண்ணாத" என்றாள். முயற்சி செய்கிறேன். பழக்கம் பாருங்கள், நாக்கு தானாக எதுகை தேடுகிறது.

டோலக் வாசிப்பவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? தாளத்தைக் கேட்டீர்கள், தலையாட்டினீர்கள், தரையதிர ஆடினீர்கள். கையைப் பார்த்தீர்களா? பழகத் தொடங்கிய புதிதில் அவள் விரல் வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் சோப்பு போட்டு உருவினோம். விரல் மடிப்புகளில் வெடிப்பு. அப்போது ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் கையை ஊற வை என்றார் ஒருவர். படிகாரம் பூசு என்றார் இன்னொருவர். அரிசி மூட்டையில் தினம் குத்து என்றார் வேறொருவர். வெடித்த இடத்தில் உடைந்த பொம்மை ஒட்டுகிற பசையை ஊற்று, உடனே மூடிக்கொள்ளும் என்றார் ஒரு மேதை. அவள் எல்லாவற்றையும் செய்தாள், பசை உட்பட. கை காய்க்கட்டும், காய்த்துவிட்டால் வலிக்காது. இதுதான் எல்லாரும் சொன்ன சொல்.

கை காய்த்தது. எப்படிக் காய்த்தது என்றால், அடுப்பிலிருந்து கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைப்பாள். எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பெண்கள் அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, "இன்னாடி இது, செருப்பாட்டம் கீது" என்று வியந்தார்கள். அவளும் சிரித்தாள்.

சித்திரையில் பாடிப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளைக்கு முன்னால் எங்கள் மகளிர் குழு. குழுவுக்குப் பின்னால் ஒரு லாரி. லாரி நிறைய ஸ்பீக்கர் பாக்ஸ். அந்தப் பாக்ஸ் போட்ட சத்தத்தில் என் பல் ஆடியது என்றால் நம்புங்கள். நடுவே இவள் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்கிறாள். சாயங்காலம் தொடங்கியது, மண்டப வாசலுக்குப் போய்ச் சேரும் வரை நிற்கவில்லை. நிற்க விட்டார்களா? "ஏத்து, ஏத்து" என்று ஒரே கூச்சல். இவளும் ஏற்றினாள். கைதட்டினீர்கள், காகிதம் தூவினீர்கள், தண்ணீர் ஒரு வாய் கொடுத்தீர்களா?

மறுநாள் காலை அவள் குளியலறைக் கதவைத் திறந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போகிறது என்றாள். தாய்மார்களே, முகம் சுளிக்காதீர்கள். இதைச் சொல்லாமல் மறைக்கிற வழக்கம்தான் என் வீட்டில் ஒரு உயிரை விளிம்பு வரை கொண்டுபோனது.

என் அம்மா அங்கம்மா, இதோ முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டு இருப்பவர், ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "காமாலடா இது. கண்ணு மஞ்சளாவறதுக்கு முன்னாடியே புட்சிட்டோம்." கீழாநெல்லி அரைத்தாயிற்று. உப்பில்லாத சோறு, மோர், எண்ணெய் கூடாது. இரண்டொரு நாளில் நிறம் தெளிந்தது. அம்மாவின் கைராசி கரையான்சாவடி வரைக்கும் பரவிவிட்டது. அம்மா, கோபிக்காதே. உன் பாசத்தில் குறையில்லை.

பிறகு ஒரு வளைகாப்பு, மறுநாள் அதே நிறம். மறுபடி கீழாநெல்லி, மறுபடி தெளிந்தது. பிறகு ஒரு கடைத் திறப்பு விழா, மறுநாள் அதே நிறம். வாசித்த மறுநாள்தான் வருகிறது என்பதை யார் கவனித்தோம்? அவள் கண்ணைப் பார்த்தோம். நாக்கைப் பார்த்தோம். நகத்தைப் பார்த்தோம். கையை யார் பார்த்தோம்?

மூன்றாம் முறை அவளுக்கு முதுகு வலித்தது, முகம் ஊதியது, சிறுநீர் குறைந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் சபீனா என்ற அம்மையார் பார்த்தார்கள். "கண்ணு மஞ்சளா இல்லியேம்மா. முந்தின நாள் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் செய்யல டாக்டர், டோலக் அடிச்சேன்" என்றாள் இவள். "கையக் காட்டுங்க" என்றார்கள். உள்ளங்கையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள். "ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கைக்குள்ள ரத்த அணு நசுங்குது. கொஞ்ச நேரம்னா உடம்பு தாங்கும். மணிக்கணக்கா அடிச்சா நசுங்கினதெல்லாம் சிறுநீர்ல எறங்கும். இப்படியே போனா கிட்னி போயிடும். ஏம்மா, இவ்ளோ அடிச்சிருக்கீங்க, வலிக்கலியா?"

"வலிக்கல டாக்டர். கை நல்லா காச்சிப்போச்சு."

"அதனாலதான் நீங்க நிறுத்தல" என்றார்கள் அந்த அம்மையார்.

தோழர்களே, பாடியில் நான் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறேன். மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறதே, உற்பத்தி குறைகிறதே என்று சில இடங்களில் என்ன செய்கிறார்கள்? சென்சாரை ஏமாற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். மெஷின் நிற்காது. ஓடும், ஓடும், ஒருநாள் விரலோடு ஓடும். இந்தக் கூட்டத்தில் யாரையும் நான் கை தூக்கச் சொல்லப் போவதில்லை. தூக்கினால் எத்தனை கைகளில் ஐந்து விரல் இருக்காது என்று எனக்குத் தெரியும். நமக்குத் தெரியாதா சென்சாரின் அருமை? வலி என்பது உடம்பு வைத்துக்கொண்ட சென்சார். அதை உப்பு போட்டு, படிகாரம் போட்டு, பசை போட்டு நாமே அணைத்துவிட்டு, கை பக்குவப்பட்டது என்று பாராட்டுவிழா நடத்தினோமே, அடுக்குமா? பக்குவம் என்றால் கல்லாவதா? பாதுகாப்பு என்றால் மரத்துப் போவதா?

இரண்டு மாதம் டோலக் பரணில் இருந்தது. இவள் இரவு தேங்காயெண்ணெய் தடவி, குளிக்கும்போது காலுக்குத் தேய்க்கிற கல்லால் காய்ப்பை மெல்ல மெல்லத் தேய்த்து, தோலை மறுபடி தோலாக்கினாள். இப்போது சுடுகிற பாத்திரம் சுடுகிறது. போன வாரம் பால் பாத்திரத்தைத் தொட்டுவிட்டு ஆவென்று கையை உதறினாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஆண்பிள்ளை அழுதேன் என்று மேடையில் சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரியுங்கள்.

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் வாசி, கையை ஆற்று, தண்ணீர் குடி, வலித்தால் நிறுத்து. விரல் மடிப்பில் மெல்லிய துணிப்பட்டை சுற்றியிருக்கிறாள். டோலக்கின் தோலையும் விறைக்க இழுக்காமல் தளர்த்திக் கட்டியிருக்கிறாள். எல்லாம் சரி. பிறகு ஏன் சந்தோஷுக்கு நடுக்கம் என்று கேட்பீர்கள். மேடையின் இருபுறமும் பாருங்கள், அதனால்தான் நடுக்கம். இவ்வளவு உயரத்துக்குப் பாக்ஸ். நேற்று நம் சவுண்ட் சர்வீஸ் திருமுருகன் சோதித்துப் பார்த்தபோது எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் நடந்தன.

டாக்டருக்கும் தெரியாத ஒன்றை இவள்தான் என்னிடம் சொன்னாள். "அன்னிக்கு அந்த பாக்ஸ் சத்தத்துல எனக்கு என் டோலக் கேக்கவே இல்லய்யா. கேக்கலன்னுதான் அடிச்சேன். அடிச்சும் கேக்கல. இன்னும் அடிச்சேன்." என்ன கொடுமை பாருங்கள். ஊருக்கே கேட்கிறது, வாசிப்பவளுக்குக் கேட்கவில்லை. தன் தாளம் தன் காதில் விழாத ஒருத்தி, அதைத் தேடித் தேடி, தன் ரத்தத்தைத் தானே நசுக்கியிருக்கிறாள். எண்ணெய் தடவலாம், பட்டை சுற்றலாம், எவ்வளவோ செய்யலாம். ஆனால் இன்று அவள் கையைக் காக்க அவள் கையால் ஆகாது. இந்த ஊரின் காதால்தான் ஆகும்.

ஆகவே கேட்கிறேன். இந்தப் பாக்ஸ்களை அணையுங்கள். அவள் வாசிக்கும்போது "ஏத்து" என்று யாரும் கத்தாதீர்கள். அவள் நிறுத்தினால், நின்றதற்கும் சேர்த்துக் கைதட்டுங்கள்.

தலைவர் முகம் சிவக்கிறது. "இன்னா சந்தோஷு, இம்மாம் பாக்ஸ் கட்டினு வந்தது சும்மா வெச்சு அயகு பாக்கவா?" என்கிறார். அண்ணா, உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பக்கத்து ஏரியா பாக்ஸைவிட நம் பாக்ஸ் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு முழுக்கப் போடுங்கள், நானே முதல் ஆளாக ஆடுகிறேன். இன்று மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். இவள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சிரித்து, இன்னும் பல ஆண்டுகள் என்னைத் திட்டிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

 தலைவர் எழுந்துவிட்டார். அண்ணா, கோபித்துக்கொண்டு போகாதீர்கள். படியிறங்கிப் போகிறாரே. கூட்டத்துக்குள் போகிறார். அங்கே எங்கே போகிறார்? திருமுருகன் மேசைக்கா?

அணைத்துவிட்டார். இடப்பக்கமும் அணைந்தது, வலப்பக்கமும் அணைந்தது. அண்ணா, இந்தக் கூட்டத்தின் முன்னே நின்று உங்களை இரு கை கூப்பிக் கும்பிடுகிறேன்.

திருமுருகா, கம்பத்துக் குழாய் ஸ்பீக்கரில் போகிற என் மைக்கையும் நிறுத்திவிடு. தொண்டை இருக்கிறது. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? பால்கனிக்காரர்களுக்குக் கேட்காது, அவர்கள் இறங்கி வரட்டும். சரி, வருகிறார்கள். தாய்மார்கள் நெருங்கி அமர்ந்து இடம் கொடுங்கள். தேவா, தம்பி, விசிலைச் சட்டைப்பையில் வை.

இந்த ஊர் மறுக்காமல் காது கொடுத்ததற்கு, தலைவருக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் என் வீட்டின் சார்பில் நன்றி. திரையை விலக்குங்கள். ரோஷினி, ஒரே ஒரு தட்டு தட்டு. மெதுவாக. பூப்போலத் தட்டு. கவிதை பண்ணிவிட்டேன், மன்னித்துக்கொள், மெதுவாகத் தட்டு.

எங்களுக்குக் கேட்டது. உனக்குக் கேட்டதா?

தலையாட்டுகிறாள். அவளுக்குக் கேட்கிறது. நான் இறங்குகிறேன், வணக்கம்.