கண் வைக்காத மீன்

யுத்தம் முடிந்த புதிதில் கல்முனையிலிருந்து நிந்தவூருக்குப் பஸ்ஸில் போனேன். மடியில் பலாப்பழம், கீழே வைக்கவும் இடமில்லை. பக்கத்தில் இருந்த மருதமுனை நெசவுக்காரி முன்சீட்டுக்காரியின் சாரியைத் தொட்டாள்.

"தங்கச்சி, இது என்ட மீன்."

"மீனா? என்னட்டக் கூடையொண்டும் இல்லையே அக்கா!"

"சாரியில இரிக்கிற மீன். சுனாமி முகாமில தறியில்லாம இரிக்கக்குள்ள நான் கீறின டிசைன்."

"கொழும்புக் கடையில வாங்கின. பெரிய டிசைனர் ஒராள் கீறினதாம்."

"அப்ப மீனுக்கு ஏன் கண் இல்லையாம்?"

முன்சீட்டுக்காரி முந்தானையை விரித்துப் பார்த்தாள். ஒரு மீனுக்கும் கண் இல்லை.

"உசிருள்ளதுக்குக் கண் வச்சிக் கீறுறது எங்கட மார்க்கத்தில கூடா. அதான் நான் கண் வைக்காம உட்ட. அவரு அதையும் சேத்துக் களவெடுத்திரிக்காரு."

"இனி என்ன செய்யப்போறீங்க?"

நிந்தவூர் வந்தது. பஸ் நின்றது, போனது. நான் இறங்கவில்லை, பதிலைக் கேட்க வேண்டாமா?

"புது மீன் கீறிட்டன் தங்கச்சி. செதிலுக்குச் செதில் றிஸ்மியா எண்டு என்ட பேர். களவெடுக்கிறவன் என்ட பேரையும் சேத்து நெய்யட்டும்!"