ரூட் மேப்பில் எழுதாமல் விட்ட கடைசி வரி

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, தலைமை மருத்துவர் அவர்களே, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, ஆய்வகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனையின் மூத்த நெட்வொர்க் பொறியாளர், நாம் எல்லோரும் ‘பத்து நிமிஷ அக்கா’ என்று கூப்பிட்டவர், இன்று நம்மோடு இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் நான். நான்கே மாதத்தில் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கோபமாக வருகிறது. யார்மேல் கோபப்படுவது?

அந்தப் பெயர் எப்படி வந்தது? அக்காவின் வேலை நெட்வொர்க் ஸ்விட்சோடு. ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. மூன்றாம் மாடியில் குளிர் அறையில் இருக்கிற பெட்டி. எக்ஸ்ரே படம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். எந்தப் பிரிவுக்குப் போகும் தடத்தை ஏற்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அதற்கு வரிசையாக விதிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். ரூட் மேப் என்பது அதுதான். அதில் கை வைக்கும் முன், “பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடு” என்று அக்கா பெட்டிக்கு ஒரு கட்டளை போடுவார். எழுதியது சரியாக வேலை செய்தால் கட்டளையை ரத்து செய்வார். பிசகினால் பெட்டி தானே மீண்டுவிடும். எவ்வளவு பெரிய மருத்துவர் வந்து அவசரப்படுத்தினாலும், “பத்து நிமிஷம் போட்டுட்டுத்தான் சார் தொடுவேன். நீங்க கை கழுவாம கத்தியை எடுப்பீங்களா?” என்பார். தலைமை மருத்துவர் சிரிக்கிறார். அந்தக் கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவரே அவர்தான்.

ரத்த வங்கி எதிர்க் கட்டடத்துக்கு மாறியபோது கேபிளோடு ஏணியில் ஏறியவர் யார்? குழந்தைகள் வார்டில் கார்ட்டூன் ஓடவில்லை என்று கூப்பிட்டபோது, “அதுவும் எமர்ஜென்சிதான்” என்று படியேறியவர் யார்? அக்காதானே!

எனக்கு முன் பேசிய இயக்குநர் அவர்கள், “ஒரே ஒரு சறுக்கலைத் தவிர அப்பழுக்கற்ற பணி” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, நான் எழுதிக் கொண்டுவந்த பேச்சைப் பையில் வைத்துவிட்டேன்.

அந்தச் சறுக்கல் எது? ஆறு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். முப்பத்தெட்டு நிமிடங்கள் மருத்துவமனை முழுவதும் இணைப்பு இல்லை. ஓர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நோயாளி பிழைத்தார். ஸ்விட்சை மாற்றியது யார் என்று காட்டும் பதிவேட்டில் அக்காவின் லாகின் கணக்கு இருந்தது. அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது.

நடந்தது இதுதான். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் அக்கா பதறிப்போய் வராந்தாவுக்குப் போனார். திரை பூட்டாமல் இருந்தது. என் கணினி மந்தமாக இருந்ததால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். புதிய ஸ்கேன் மையத்துக்காக ரூட் மேப் எழுதினேன். ஸ்கேன் மையத்தை ஏற்றுக்கொள் என்று ஒரு விதி எழுதினால், மற்றவற்றையும் ஏற்றுக்கொள் என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால், சொல்லாத அத்தனையையும் ஸ்விட்ச் தள்ளிவிடும். நான் எழுதவில்லை. அக்காவைப் போலப் பத்து நிமிடக் கட்டளையும் போடவில்லை. எழுதியதைத் திருத்த ஸ்விட்சோடு எனக்கு இருந்த இணைப்பும் போயிற்று. பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்த அக்கா, பெட்டியிலேயே நேராகச் செருகிச் சரிசெய்யக் கேபிளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் படிக்கட்டில் அக்காவிடம் சொன்னேன்.

“நான்தான் பண்ணேன்க்கா.”

“தெரியும். கடைசி வரியை நான் மறப்பேனா?”

“இப்ப என்ன பண்றது?”

“பூட்டாம போனது என் தப்பு. அதை நான் ஒத்துக்குவேன். மிச்சத்தை நீயே போய்ச் சொல்லு. நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. விசாரணையில், “உங்கள் கணக்கிலிருந்துதானே?” என்று கேட்டார்கள். “ஆமா, என் கணக்குதான்” என்றார். ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பொறுப்பு என் கைக்கு வந்த மறுநாள், “நாளைக்கு ஒரு மாத்தம் இருக்கு, வந்து வரியைப் படிச்சுச் சரிபாரு” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆறு வருடமும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு அவர் வேலையை எப்படித் தொடர்வது? இயக்குநர் அவர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் எழுத்தில் தருகிறேன். விசாரணை அறிக்கையில் அக்கா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். என் பொறுப்பை என்ன செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், எதுவானாலும் ஏற்கிறேன்.

அம்மாடி, நீ வீட்டில் எதைக் கேட்டு வளர்ந்தாயோ எனக்குத் தெரியாது. அன்று உன் அம்மா எதையும் உடைக்கவில்லை. உடைத்தவன் நான். ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு, உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பியவர் அவர்.