தென்னேரியில் குடித்த மோர்

பாவு பிணைக்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எனக்குக் கை தடுமாறாது, போதகர் ஐயா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தறிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். வர ஒரு மணி நேரமாகும்.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் முடிந்துவிட்டது. அதன் நுனி இழை ஒன்று, புதுப் பாவின் நுனி இழை ஒன்று. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டையும் சேர்த்து முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். முடிச்சு மட்டும் கூடாது. தறியில் மாட்டி அறுந்துவிடும். இப்படி நாலாயிரத்துச் சொச்சம் இழை. இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிறேன். நான் பிணைத்த பாவில் ஓர் இழை விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

சபையிலும் எனக்கு இதே வேலைதான். நீங்கள் முசரவாக்கத்துக்கு வந்து ஐந்து மாதம்தானே ஆகிறது. மாமியார் மருமகள் சண்டையோ வேலிச் சண்டையோ, திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை 'மரியம்மாவைக் கூப்பிடு' என்பார்கள். மனஸ்தாபத்தோடு யாரும் அப்பம் வாங்கப் பீடத்தண்டை போகக் கூடாது என்பது நம் சபையில் கண்டிப்பு. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, கையைக் கையில் வைத்து, 'சமாதானம்' என்று சொல்லவைக்க வேண்டும். அதற்காக இவர் சொன்னதில் பாதியை அவரிடம் சொல்லமாட்டேன். சொல்லாததில் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இன்றைக்கும் சனிக்கிழமை. நீங்கள் வந்த காரணம் எனக்குத் தெரியும். தம்பியைக் கொன்றது அம்மாதான் என்று என் மூத்த மகன் ஜெபகுமார் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அப்படிப்பட்டவன் வாயில் அவ்வளவு பெரிய வார்த்தை வந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னவன் கமல் ஒரகடத்துக் கம்பெனி பஸ் ஓட்டினான். அந்த பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த பெண் சத்யப்ரியா. தென்னேரிக்காரி, நிலமுள்ள குடும்பம். நாங்கள் அந்த மாதிரி நிலங்களில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு, என்னிடமும் அண்ணனிடமும் மட்டும் கமல் சொன்னான்.

எனக்குப் பயம். பேப்பரில் பார்க்கிறோம் இல்லையா, தண்டவாளத்தில் கிடக்கிற பையன்களை. அப்பா இல்லாமல் வளர்த்த பிள்ளை. தென்னேரியில் தெரிந்தவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஜெபகுமாரிடம் சொல்லி, ஒரு புதன்கிழமை அவன் பைக்கில் போனேன். அவனை ஏரிக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் நடந்துபோய்ப் பெண்ணின் அப்பா அர்ஜுனனைப் பார்த்தேன். என் மகனுக்கு வாலாஜாபாத்தில் ஏற்கெனவே பெண் நிச்சயமாகிவிட்டது, உங்கள் மகளை ஏமாற்றுகிறான் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் சத்யப்ரியாவுக்குச் செய்யாறு பக்கம் கல்யாணம் முடிந்தது.

'உங்க வீட்டு ஆளே வந்து சொல்லிட்டாங்க' என்று கமலுக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டு அவள் நம்பரை மாற்றிவிட்டாள். ஏரிக்கரையில் ஜெபகுமாரை யாரோ பார்த்துக் கமலிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனை மட்டும்.

மறுநாள் காலையில் ஜெபகுமார் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கமல் போய் முன்னால் நின்றான்.

"தென்னேரில உனுக்கு இன்னாடா வேலை?"

"சும்மா நின்னுக்கினு இருந்தேன்டா."

"சும்மா நிக்கறதுக்கு நம்மூர்ல எடமே இல்லியா? என் பொழப்புல வந்துதான் நிக்கணுமா?"

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பாலேயே கமல் அடித்தான். ஜெபகுமாருக்கு முன்பல் ஒன்று போனது. அவன் திருப்பி அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே அழைத்துப் போய் உப்புத் தண்ணீர் கொடுத்தேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கப்பா. நான்தான்னு தெரிஞ்சா அவன் வீட்ட வுட்டே போயிடுவான். உனுக்குப் பொண்டாட்டி இருக்குது. அவனுக்கு நான் மட்டும்தான்."

"பொய்ய வச்சிக்கினு எப்படிம்மா சமாதானம் வரும்?"

"உன்னை யாருப்பா பொய் சொல்லச் சொன்னது? பேசாம இருன்றேன், அவ்ளோதான்."

பேசாமல் இருந்தான். நல்ல பிள்ளை. கமல் தன் செல்போனில் அண்ணன் நம்பரைக் 'காட்டிக்கொடுத்தவன்' என்று பதிந்து வைத்துக்கொண்டான். ஆராதனையில் எல்லாரும் கைகொடுத்து 'சமாதானம்' சொல்லும் நேரத்தில் ஜெபகுமார் எழுந்து வந்து தம்பி முன்னால் கையை நீட்டுவான். கமல் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அவன் முகத்தையே பார்ப்பான். இரண்டரை வருஷம், ஞாயிறு தவறாமல். அத்தனை பேருக்கும் சமாதானம் சொல்லிவைத்த மரியம்மாவுக்குத் தன் வீட்டில் முடியவில்லை என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசினார்கள். வீடு அமைதியாகத்தான் இருந்தது. கமல் வேலை விட்டதும் நேராக என்னிடம்தான் வருவான். என் கையால்தான் சாப்பிடுவான். வேறு பெண் பார்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பான். நானும் வற்புறுத்தவில்லை.

போன வருஷம் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையது ஆகாது என்றார்கள். ஜெபகுமார் யாரிடமும் சொல்லாமல் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாம் பொருந்தியது. டாக்டருக்கே சந்தோஷம்.

கமல் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் கிட்னி எனுக்கு வேணாம் டாக்டர். உள்ள போனதும் அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துடும்" என்றான். டாக்டர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்.

அந்த வாரம் ஜெபகுமாரின் மனைவி ஜீவிதா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அத்தே, என் புருஷன் ஒடம்ப அறுத்துத் தரேன்றாரு. உங்கள ஒரு வார்த்தைதான் கேக்கறோம். நாக்கையா அறுத்துக் கேக்கறோம்?"

"ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கேம்மா."

"யாராண்ட பண்றீங்க? கர்த்தருக்கு எல்லாம் தெரியும். தெரியாதது கமலுக்கு மட்டுந்தான். அவனாண்ட போய்ச் சொல்லுங்க."

அவள் எப்போதுமே கொஞ்சம் வாய்த்துடுக்கு. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஜெபகுமாரே சொல்லிவிட்டான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். பைக்கில் யாரைக் கூட்டிப்போனான், எங்கே நின்றான், எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னான். கடைசியில், "என்னை மன்னிக்கக்கூட வேணாம்டா, எடுத்துக்கினா போதும்" என்றான்.

கமல் சிரித்தான். "பெத்தவ மேலயே தூக்கிப் போடறியா? நீ எப்பவும் இப்படித்தான்டா." பிறகு என் பக்கம் திரும்பினான். "இன்னாம்மா? இவன் சொல்றது நெசமா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று ஜெபகுமார் பார்த்தான் போலிருக்கிறது. பிறகு வார்டு வாசலில் விட்டிருந்த செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான். ஆப்பிளைப் பொடியாக நறுக்கி கமலுக்கு ஊட்டினேன். இருபத்துமூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி ஏறி அவன் போய்விட்டான். அடக்க ஆராதனையை நடத்தியதே நீங்கள்தான். நன்றாகப் பேசினீர்கள்.

ஜெபகுமார் சொன்னது சரி, ஐயா. கொன்றது நான்தான். நான் மறைக்கவில்லை. ஆனால் பயத்தினால் ஆரம்பித்த காரியம், அதை நீங்கள் பார்க்க வேண்டும்.

அர்ஜுனன் மிரட்டினாரா என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். அவர் மிரட்டவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று, அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே மோர் கொண்டுவரச் சொன்னார். பெருங்காயம் போட்ட மோர்.

"பாப்பா எல்லாத்தையும் சொல்லிச்சும்மா. எனுக்கு மொதல்ல மனசு ஒத்துக்கல. ஊர்ல நாலு பேரு பேசுவான். பேசிட்டுப் போறான். ஒரே பொண்ணு. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானே வரேன். தம்பி இங்கியே எங்ககூட இருந்துடட்டும், நெலத்தப் பாத்துக்கினு" என்றார்.

தம்பி இங்கேயே இருந்துவிடட்டும் என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நான் மோர் முழுவதையும் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகுதான் அந்த வாலாஜாபாத் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒரு பெண் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் எனக்குத் தோன்றினாள்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், ஐயா. வெளிச்சம் மறைகிறது.

நாளைக்கு நான் திருவிருந்துக்கு வருவேன். எனக்கு யார்மேலும் மனஸ்தாபம் இல்லை. ஜெபகுமார் வந்தால் நானே எழுந்துபோய்க் கை நீட்டுவேன். அவன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால், அது அவனுக்கும் தேவனுக்கும் உள்ள விஷயம்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அன்றைக்கு நான் தலையை ஆட்டியதும், கமல் ஊசி குத்தாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனுக்குத் தெரியும்மா. இந்த ஒலகத்துல எங்கிட்ட பொய் சொல்லாத ஆளு நீ ஒருத்திதான்" என்றான். அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா? சாகப்போகிற பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவன் நிம்மதிக்காகத்தான், ஐயா. எனக்கென்று நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.