ஒரு கோடு

பெயிண்டர்: கோடு வந்துச்சா மச்சான்?

வெல்டர்: ஒண்ணு வந்திருக்கு. ஒண்ணுன்னா எச்ஐவி இல்லன்னு பெட்டில போட்டிருக்கு.

பெயிண்டர்: வெளிச்சத்துல வெச்சுப் பாரு. ரெண்டாவது மங்கலா இருந்தாலும் கணக்குதான்.

வெல்டர்: சுவத்துல விரிசல் தேடற கண்ணு உனக்குத்தானே. இந்தா, நீயே பாரு.

பெயிண்டர்: ...ஒண்ணுதான். அப்பாடா.

வெல்டர்: எனக்கு வர்ற கோட்டுக்கு உனக்கு ஏன் மாப்ள வேர்க்குது?

பெயிண்டர்: போன மாசம் சாரத்துலேர்ந்து விழுந்த என்னைத் தூக்கிட்டு ஓடினது யாரு? தகரம் கிழிச்ச கையோட... என் ரத்தம் பூரா உன் கைலதான்.

வெல்டர்: பின்ன? கையுறை தேடிட்டு வரேன், கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொல்லவா?

பெயிண்டர்: நீ இல்லன்னா நான் இல்ல மச்சான்.

வெல்டர்: தினமும் சொல்ற. டீய குடி.

பெயிண்டர்: இந்த ஒத்தக் கோட்ட நம்பிடாத. புதுசா தொத்தியிருந்தா இது உடனே கண்டுபிடிக்காது. மூணு மாசம் போனதும் ஆஸ்பத்திரில திரும்பப் பாக்கணும்.

வெல்டர்: ரொம்ப விவரமா பேசற. பெட்டில இன்னொண்ணு இருக்கு. நீயும் குத்திப் பாரு.

பெயிண்டர்: எனக்கு வேணாம்.

வெல்டர்: ஊசிக்குப் பயமா? அவ்வளவு உசரத்துலேர்ந்து குதிச்ச ஆளு.

பெயிண்டர்: குதிக்கலடா, விழுந்தேன்.

வெல்டர்: சரி, குத்து. உனக்கும் ஒரு கோடு வந்துட்டா ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்.

பெயிண்டர்: வந்தாலும் வரும். அதக் காட்டி உன்ன ஏமாத்த மனசு வரல.

வெல்டர்: என்ன சொல்ற?

பெயிண்டர்: எனக்கு இருக்கு மச்சான். பல வருஷமா மாத்திரை சாப்பிடறேன். சாப்பிடறவனுக்கு இந்தப் பெட்டி சில நேரம் இல்லன்னே காட்டிடும். கிருமி ரொம்பக் கொறஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். இருந்தாலும் அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். நீயும் விலகிப் போயிடுவியோன்னு... வாய் வரல.

வெல்டர்: ம்.

பெயிண்டர்: திட்டவாவது செய்டா. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்ப அந்த மாத்திரை டப்பா தலகாணிக்கு அடியில இருந்துச்சு. யார் வெச்சாங்கன்னே தெரியல. அந்தப் புண்ணியவானாலதான் ஒரு வேளைகூட விட்டுப் போகல.

வெல்டர்: வண்டில உன் பைலேர்ந்து விழுந்துச்சு. என்ன மாத்திரைன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பதில் சொல்லல, என் கையப் பாத்துட்டு எனக்கும் தொத்தாம இருக்க ஒரு மாசத்துக்கு மாத்திரை எழுதினார். நேத்துதான் முடிஞ்சுது. உன் டப்பாவ வேற யார் கண்ணுலயும் படாம தலகாணிக்கு அடியில வெச்சேன்... டீ ஆறுது மாப்ள.