கோதண்டராமன் வாங்கிய தீவு

மாலை ஆறரை மணி. ஆறரைதானே என்று நினைக்காதீர்கள்... ஜூலை மாதம். நியூசிலாந்தில் அது குளிர்காலம்; ஆக்லாந்து நகரத்து ஒனிஹங்காவில் அப்போது நல்ல இருட்டு. துறைமுகத்தை ஒட்டிப் போகிற ரோடு. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். மறு பக்கம் வற்றிய கடல், சேற்று நாற்றம். ஒரே ஒரு கார் வருகிறது.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் நண்பன் பிரணவனின் மாமாவுக்கு நடந்தது. அவரே அவனிடம் சொன்னார்... ஒரே ஒரு தடவை.

மாமா பெயர் இராசநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தில் வீடு வாங்கி விற்கிற தொழில். கூட்டாளி கோதண்டராமன், மதுரைக்காரர். தொண்ணூற்றாறில் இருவரும் சேர்ந்து ஃபீஜிப் பக்கம் ஒரு சின்னத் தீவை வாங்கினார்கள். வெள்ளை மணல், தென்னை, குடிக்க நல்ல ஊற்று. ரிசார்ட் கட்டுவதாகத் திட்டம்.

இடத்தை அளக்கப் போனால், அங்கே ஒரு கிழவன். தனி ஆள். போக மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். கூலிக்காரர்கள் அவனை உதைத்து, இழுத்து, படகில் போட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் கிழவன் கடலில் குதித்தான். வயசான உடம்பு... நீந்த முடியவில்லை. திரும்பி வந்து படகின் விளிம்பைப் பிடித்தான். கோதண்டராமன் துடுப்பைத் தூக்கினார்.

“கோதண்டம், வேண்டாம்! ஆளை ஏத்துங்கோ!”

“சும்மா இருங்க நாயகம். ஏத்துனா மறுபடியும் குதிப்பான்.”

விரல்கள் மேலேயே அடித்தார். காய்ந்த மட்டை முறிகிற மாதிரிச் சத்தம். கிழவன் கத்தவில்லை. இவர்களைப் பார்த்துக்கொண்டே கீழே போனான். இராசநாயகம் அந்தத் துடுப்பைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த ரோடு. ரிசார்ட்டுக்குப் பணம் போடக்கூடிய ஒருவரை, ஊரின் தென்பக்கம் மனுகாவில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோதண்டராமன் ஓட்டுகிறார். சிகரெட் பிடிக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார். திடீரென்று சேற்று நாற்றம் நின்றது... கொப்பரை வாசம். குளிர்காலத்தில், ஆக்லாந்தில், வெயிலில் காய்கிற கொப்பரை வாசம்.

டொக்.

கண்ணாடி விளிம்பில் நான்கு விரல்கள். வெளியிலிருந்து. ஈரம். நான்கும் நான்கு பக்கம் கோணி இருந்தன. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது...

கோதண்டராமன் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் பூட்டுகிற இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். காருக்கு முன்னால் நின்று அடிக்கிறார். “விடுடா! விடுடா!” பானட் தகரம் அதிர்கிறது. வெளிச்சத்தில் இராசநாயகம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை. கோதண்டராமன் தன் இடது கையை பானட்மேல் விரித்து வைத்து, வலது கையால் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். தோல் போய், வெள்ளை எலும்பு தெரிந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

பிறகு தடியைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். நடக்கவில்லை. மல்லாந்து விழுந்தார்... யாரோ சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுக்கிற மாதிரி, குதிகால் கோடு போட்டபடி, தண்ணீரை நோக்கிப் போனார். இராசநாயகம் முழங்கால் வரை புதைந்து, பின்னாலேயே ஓடினார். தண்ணீர் ஒரு சாண்தான். தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு ஆள் பாரம். கோதண்டராமனின் வாயில் குமிழி வந்தது... கண் திறந்தபடியே நின்றது.

போலீஸ் வந்தது. குடித்திருந்தாரா என்று கேட்டது. உடம்பை ஆக்லாந்திலேயே எரித்தார்கள். இராசநாயகம் பக்கத்தில் நின்று பார்த்தார். தீவை வந்த விலைக்கு ஒரு வெள்ளைக்காரருக்கு விற்றார். அதோடு தொழிலையும் விட்டார்.

அடுத்த வருடம் அந்த வெள்ளைக்காரர் போன் பண்ணினார். குரலில் கோபம். தீவில் ஒருத்தன் இருக்கிறானாம். படகு கரை தட்டும்போதே கல்லால் அடித்தானாம். படகோட்டியின் மண்டை பிளந்து, ஆள் அங்கேயே செத்துப் போய்விட்டானாம்.

“கிழவரோ?” என்று இராசநாயகம் கேட்டார்.

இல்லை, நடுவயசு, பேன்ட் சட்டை போட்டவன் என்றார் அவர். ஃபீஜிக்காரர்களுக்கே அவன் பேச்சு புரியவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கத்தினான். அது உங்கள் பாஷையா என்று பாருங்கள் என்று, கேட்டதைக் கேட்டபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் காட்டினார்.

“நா-ய-கத்த... வ-ரச்... சொ-ல்லு...”