கீழ்ச் சமையக்கட்டு

ஒக்காருங்க, சம்பந்தி. அது அப்பிடித்தான் கிறீச்சுனு சத்தம் போடும். பிளாஸ்டிக் உறை. கழட்டக் கூடாது. கழட்டினா சோபா பாழாயிடும்ங்கறா வீட்டுக்காரி. வாங்குன நாள்லேர்ந்து அதோட துணி கைக்கு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது.

அவ இல்ல. சொன்னேனே. பாஸ்டன்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல. ஆமா, இன்னிக்குன்னு பாத்துத்தான்.

லிடியாவும் உங்க பையனும் வந்துருவாங்க. கேக் வாங்க எவ்வளவு நேரமாகும்? வேணும்னே மெதுவா வருதுங்க. கல்யாணம் பேச வந்த பெருசுங்க மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காரட்டும்னு.

வீடா? நானேதான் கட்டினேன். இத்தாலியிலேர்ந்து கப்பலேறினப்போ கையில ஒரு கொத்தனார் கரணைதான். ஊர்ல கல்லு அடுக்கினேன், இங்க செங்கல்லு. இந்தப் பிராவிடன்ஸ் ஊர்ல பாதிப் புகைபோக்கி என் கைவேலை. வாரம் பூரா ஊரான் வீடு, ஞாயித்துக்கிழமை என் வீடு. ஒர்சோலா, அதான் என் வீட்டுக்காரி, லிடியாவ வயித்துல வச்சுக்கிட்டுச் செங்கல்லு எடுத்துக் குடுத்தா. வேணாம்டின்னா கேக்க மாட்டா.

அடுப்பத் தொட்டுப் பாக்கறீங்களா? பயப்படாதீங்க, கை சுடாது. அந்த அடுப்பப் பத்தவச்சதே இல்ல. சிரிக்காதீங்க. எங்க தெருவுல எல்லா வீட்லயும் இதான். மேல ஒரு சமையக்கட்டு, விருந்தாளி பாக்க. தரைக்கடியில இன்னொண்ணு, சமைக்க, திங்க, சண்டை போட. நாங்க பொழங்கறது அங்கதான். மேல வர்றது, பாதிரியார் வந்தா, டாக்டர் வந்தா. இப்ப நீங்க.

வாசனையா? பக்கத்து வீடு. எப்பப் பாத்தாலும் தக்காளி காச்சுவாங்க.

கீழயா? வேணாம். பாக்க ஒண்ணுமில்ல. ஒயினா? இருக்கு, நான் போட்டதுதான். நானே கொண்டாரேன். ஒக்காருங்கன்னா ஒக்காருங்க. பேங்க்ல பெரிய ஆளா இருந்தா சொன்னாக் கேக்க மாட்டீங்களா?

...கேட்டுச்சா.

ஆமா. குழாயத் தட்டுற சத்தம்தான். கரண்டியால. மக்ரோனி வெந்திருச்சுன்னு அர்த்தம். வாயத் தொறந்து கூப்பிட்டா உங்க காதுல விழுந்துரும்ல, அதான். நான் எறங்கிப் போய் எடுத்துட்டு வந்து மேல வைக்கணும். லிடியா சமைச்சான்னு சொல்லணும். அதான் ஏற்பாடு.

பாஸ்டன்ல எங்களுக்கு ஒருத்தரும் இல்ல, சம்பந்தி.

எந்திரிக்காதீங்க. தொப்பிய வைங்க கீழ. பொண்ணத் தப்பா நெனைக்காதீங்க. அம்மா அந்தக் கறுப்பு உடுப்ப இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மாத்திக்கட்டும்னா, அவ்வளவுதான் அவ கேட்டது. தன் அண்ணன் செத்ததுலேர்ந்து ஒர்சோலா கறுப்புதான். எங்காளுங்க வழக்கம். சரின்னு அவளும் நீலத்துல ஒண்ணு தைச்சா. காலையில அதப் போட்டுக்கிட்டு எம் முன்னாடி வந்து நின்னா. நல்லாருக்கான்னு கேட்டுச் சிரிச்சா. முன்பல்லு ரெண்டு கெடையாது அவளுக்கு. இங்கிலீஷும் வராது. உங்களக் கண்டா கையப் புடிச்சுக்கிட்டு அழுவா. உங்கள மாதிரி ஆளு என்ன நெனைப்பாரோன்னு...

நான்தான். மேல வராத, கீழயே இருன்னேன்.

சண்டைக்கு வருவான்னு பாத்தேன். வரல. ஏப்ரன எடுத்து அந்த நீலத்து மேல கட்டிக்கிட்டா. அவருக்கு உப்பு கம்மியாப் போடவான்னு கேட்டா.

வாங்க, போவோம். நெசமாத்தான். தலையக் குனிஞ்சு எறங்குங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னாடி வரேன். கதவு தொறந்ததும் அவ மொதல்ல உங்களப் பாக்கட்டும். என்னய வேணாம்.