ஆறு பேரும் இருபத்தைந்து குதிரைகளும்

சம்பந்தி: இருங்க, இருங்க... முதல்லேர்ந்து சொல்லுங்க. அங்க யார் யார் இருந்தீங்க?

பெரியவர்: நான். என் பொண்ணு. என் மாப்பிள்ளை, அதாவது உங்க பையன். படகைச் சோதிக்க வந்த அதிகாரி. அவ்வளவுதான். வேற எவன் என்ன சொன்னாலும், அவன் அங்க இல்லை.

மகள்: படகுத்துறை வேலிக்கு அந்தப் பக்கம் பாதி ஊர் நின்னுச்சேப்பா.

பெரியவர்: வேலிக்கு அந்தப் பக்கம் நின்னவன் எல்லாம் கணக்குல வரமாட்டான்.

சம்பந்தி: கடைத்தெருவுல என்னமோ படகு முங்கி...

பெரியவர்: வரிசையா கேளுங்க சம்பந்தி. எங்கப்பா கட்டின படகு. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு குதிரை சக்தி எஞ்சின் மாட்டலாம்னு அந்தக் காலத்துல யார் தகடு அடிச்சா? இப்ப தகடு இல்லேன்னா ஆள் ஏத்தக் கூடாதாம்.

மகள்: ஆள் ஏத்தலேன்னா எங்க வீட்டு அடுப்பு எரியாது மாமா.

சம்பந்தி: அது தெரியும்மா. அதிகாரி என்ன பண்ணார்?

மகள்: அளவு நாடாவை நீட்டினார். பதினெட்டடி நீளம், அஞ்சடி அகலம். பெருக்கிப் பதினஞ்சால வகுத்தார். ஆறு பேர்.

பெரியவர்: எங்கப்பா பத்துப் பேரை ஏத்துவார்னு சொன்னேன்.

மகள்: "உங்கப்பா கொடுத்துவெச்சவர்"னார்.

சம்பந்தி: ஹா...

பெரியவர்: சிரிக்காதீங்க. ஆறுன்னா ஆறு, ஒத்துக்கிட்டேன். ஆனா அந்த மனுஷன் விரலை மடக்கிப் படகை ரெண்டு தட்டு தட்டினார் பாருங்க... "பழைய மரம், தண்ணி குடிச்சிருக்கும். நாலுன்னு போட்டுரவா?"ங்கிறார்!

சம்பந்தி: அடடா!

மகள்: அப்பா மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும் மாமா.

பெரியவர்: "ரொப்புங்கய்யா தண்ணியை"ன்னேன்.

சம்பந்தி: எதுல?

பெரியவர்: படகுலதான்!

மகள்: பழைய படகை அப்படித்தான் சோதிப்பாங்களாம் மாமா. உள்ளே முழுக்கத் தண்ணி. ஆறு பேருக்கு ஈடா இரும்புக் கட்டி. எஞ்சின் எடைக்குத் தனியா பின்னாடி ரெண்டு கட்டி. அப்பவும் மிதக்கணும்.

சம்பந்தி: மிதந்துச்சா?

மகள்: கொஞ்ச நேரம் படகையே காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் "போச்சுடா"ன்னாங்க. அப்பா கண்ணையே மூடிட்டார்...

பெரியவர்: வெயில்.

சம்பந்தி: அட, சொல்லித் தொலைங்களேன்!

பெரியவர்: எந்திரிச்சுது சம்பந்தி! ரெண்டு விளிம்பும் தண்ணிக்கு மேல. குளத்துல எருமை படுத்திருக்குமே... அந்த மாதிரி, அசையாம, யாரையும் சட்டை பண்ணாம!

மகள்: அதிகாரியே கை தட்டிட்டார். அப்பா அழுதுட்டார்.

பெரியவர்: தண்ணி தெறிச்சுது.

சம்பந்தி: பலே! அப்போ நான் குடுத்த எஞ்சினை மாட்டிட வேண்டியதுதானே?

பெரியவர்: முதல்ல மோர் குடிங்க சம்பந்தி.

சம்பந்தி: மோர் இருக்கட்டும். எஞ்சின் என்னாச்சு?

பெரியவர்: நீங்க ஆசையா குடுத்தது... நாற்பது குதிரை சக்தி...

மகள்: நான் சொல்றேன் மாமா. தட்டை அடி, கைப்பிடியால திருப்புற படகு. நீளத்தையும், எஞ்சின் மாட்டுற பின்பலகை அகலத்தையும் வெச்சு அதுக்கு ஒரு கணக்கு. இருபத்தஞ்சுக்கு மேல கூடாது. நாற்பதை மாட்டி வேகமா ஒரு திருப்பு திருப்பினா, ஆளைக் கொட்டிரும்.

பெரியவர்: உங்க மேல ஒரு சொல் வரக் கூடாதுன்னு, கேட்டவங்ககிட்ட எல்லாம் நானே சொல்லிட்டேன்... படகு பழசு, அவ்வளவு நல்ல எஞ்சினைத் தாங்காதுன்னு.

சம்பந்தி: உங்கப்பா படகையா? உங்க வாயாலயா?

பெரியவர்: ம்.

சம்பந்தி: கெட்டுது போங்க! பையன் காலையிலேயே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். நாற்பதைக் கடையில குடுத்துட்டு இருபத்தஞ்சா மாத்தியாச்சு. வாசல்ல வண்டியில இருக்கு.

பெரியவர்: எல்லாம் தெரிஞ்சுகிட்டா என்னை இவ்வளவு பேச விட்டீங்க?

சம்பந்தி: உங்க வாயால கேட்கணும்னு ஆசை. அதுவும் போக... படகை யாரும் குறை சொல்லிரக் கூடாதேன்னு, எஞ்சின்லதான் கோளாறுன்னு கடைத்தெரு பூரா நானே சொல்லி வெச்சுட்டேன்.

மகள்: நல்லா இருக்கு! அதான் ஊரு ரெண்டையும் சேர்த்துக் கட்டிருச்சு. கோளாறு எஞ்சினை மாட்டினாங்களாம், ஓட்டைப் படகு முங்கிருச்சாம்.

பெரியவர்: யாரு சொன்னா? கதவைத் திற. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்கட்டும். எஞ்சின்ல கோளாறு இல்லை. படகு முங்கலை, தண்ணி ரொப்பினது நான். நாளைக்குக் காலையில ஆறு பேர் ஏறலாம். ஏழாவதா எங்கப்பாவே வந்தாலும் கரையில நிக்கட்டும்.